தளிர் காத்த மருத்துவர்

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும் என்பதே 1947 வரை மருத்துவர் அறிந்திருந்த முடிவு. அதனை ஏற்க மறுத்தவர் சிட்னி ஃபார்பர்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1903ஆம் ஆண்டு, 14 மக்களுள் மூன்றாமவராகப் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் வல்லுநரானார். இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து காரணம் கூறுவது அவர்தம் பணி. உயிரோடிருக்கும் குழந்தைகளின் பக்கம் அவர் திரும்பியது நாற்பது வயதைக் கடந்த பின்னரே.

உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதன் செயலைத் தடுத்தால் புற்றணுக்கள் அடங்கும் என்று கருதினார். அதற்குரிய அமினோப்டெரின் என்னும் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவிடமிருந்து கிடைத்தது. அதனைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. சில மாதங்களில் மீண்டும் வந்தது. 1948இல் வெளிவந்த இம்முடிவைப் பலர் நம்பவில்லை. சாகும் குழந்தையை அமைதியாகச் சாகவிடாமல் துன்புறுத்துவதா என்று உடன் பணியாற்றியோரே கடிந்தனர். அக்கடிதலை முற்றிலும் பொருளற்றது எனத் தள்ளிவிட இயலாது. பெருகும் அணுக்களைத் தாக்கும் மருந்து, நல்லணு எது, தீயணு எது எனப் பிரித்தறிவதில்லை.

பின்னர் வில்ம்ஸ் கட்டி என்னும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஆக்டினோமைசின்-டி மருந்தைப் பயன்படுத்தினார். கதிரியல் மருத்துவர் ஜூலியோ டாஞ்சியோவுடன் இணைந்து ஆராய்ந்தபோது, அம்மருந்து கதிர்வீச்சின் வலிமையை மிகுவிப்பது புலனாயிற்று. அவ்வலிமையை நலமான தசையும் எலும்பும் சேர்ந்தே தாங்க நேர்ந்தது. முதிர்ந்தவர் உடல் கட்டி முடித்த வீடு. குழந்தையின் உடலோ சுவர் எழும்பிக்கொண்டிருக்கும் வீடு. பிழைத்த குழந்தைகள் வளர்ந்தனர். கதிர் பட்ட பக்கம் உடன் வளரவில்லை. சிலருக்கு முதுகெலும்பு வளைந்தது. தலையில் கதிர்வீச்சுப் பெற்ற சிறுவர்களுக்கு உயரமும் கற்கும் திறனும் குன்றுவதும், சில மருந்துகளால் இதயம் ஆண்டுகள் கழித்துத் தளர்வதும் பிற்காலத்தில் தெரியவந்தன.

நோயை மட்டும் பாராமல் குழந்தையையும் குடும்பத்தையும் முழுமையாகப் பேணவேண்டும் என்பது ஃபார்பரின் கொள்கை. மருத்துவர், செவிலியர், உணவு வல்லுநர், சமூகப் பணியாளர் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டினார். பெற்றோரின் பணக்கவலையும் அங்கே பேசப்பட்டது.

வில்ம்ஸ் கட்டிக்குக் கதிர்வீச்சை எவ்வளவு குறைக்கலாம் என்பதை அறிய, டாஞ்சியோ தலைமையில் 1969இல் தேசிய ஆய்வு ஒன்று தொடங்கிற்று. தொடக்க நிலைக் கட்டியை அறுவையால் முழுதும் நீக்கிய இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆக்டினோமைசின்-டி போதும், கதிர்வீச்சு வேண்டா என்று அது காட்டியது. அம்முடிவு வெளிவந்தது 1976இல். ஃபார்பர் 1973 மார்ச் 30 அன்றே மறைந்திருந்தார்.