காற்றில் உள்ளதே போதும் என நம்பிய லீபிக்

யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். எந்தப் பயிருக்கு எந்தச் சத்து, எவ்வளவு என்று கணக்குப் போடும் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியின் வேதியியல் அறிஞர் ஜஸ்டஸ் வான் லீபிக். உர அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் அவர், தழைச்சத்து விஷயத்தில் பெரிய தவறு செய்தவரும்கூட.

லீபிக் 1803-ம் ஆண்டு மே 12-ம் தேதி டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தை சாயப்பொருள், மருந்துச் சரக்கு வியாபாரி. லீபிக்குக்கு 13 வயதானபோது, 1816-ல், ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. குளிரிலும் மழையிலும் பயிர்கள் அழிந்து, பல பகுதிகளில் மக்கள் பசியால் வாடினர். பாரிஸில் வேதியியல் பயின்று திரும்பியவர், 1824-ல், 21 வயதிலேயே கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மண்ணில் உள்ள மக்குதான் பயிரின் உணவு என்று அன்று பலரும் நம்பினர். 1840-ல் வெளியிட்ட நூலில் லீபிக் இதை மறுத்தார். பயிர் கரியமிலவாயுவைக் காற்றிலிருந்தும், தாது உப்புகளை மண்ணிலிருந்தும் எடுக்கிறது. அறுவடையோடு வெளியேறும் உப்புகளைத் திருப்பித் தராவிட்டால் நிலம் வறண்டுபோகும் என்றார். எந்தச் சத்து மிகக் குறைவோ, அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதியை ஸ்பிரெங்கல் முதலில் சொன்னாலும், உலகறியச் செய்தவர் லீபிக்.

மரக்கரியைப் பற்றியும் அந்த நூல் பேசுகிறது. மியூனிக் தாவரவியல் தோட்டத்தில் கரித்தூளில் செடிகள் செழித்ததை லீபிக் அதில் எடுத்துக்காட்டினார். கரி எளிதில் மக்காது. ஆனால் தன் கன அளவைப்போல் 90 மடங்கு அம்மோனியா வாயுவை நுண்துளைகளில் ஈர்த்துவைக்கும், நீர் பட்டால் விடுவிக்கும் என்று விளக்கினார். இன்று உயிர்க்கரி (பயோசார்) பற்றிப் பேசுவதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

தவறு அடுத்த படியில் நேர்ந்தது. மழையோடு இறங்கும் அம்மோனியாவே பயிருக்குப் போதும், தாது உப்புகளைக் கொடுத்தால் சரி என்று நம்பினார். 1845-ல் காப்புரிமை பெற்ற உரம் ஒன்று அவர் முறைப்படி இங்கிலாந்தில் தயாரானது. மழையில் கரைந்து ஓடிவிடக் கூடாது என்று அதை எளிதில் கரையாதபடி செய்திருந்தனர். கரையாததால் பயிருக்கும் எட்டவில்லை. உரம் தோற்றது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் லாஸும் கில்பர்ட்டும் 1843 முதல் கோதுமை வயலில் சோதனை நடத்தினர். கில்பர்ட், லீபிக்கிடமே பயின்றவர். தாது உப்பு மட்டும் இட்ட பாத்தியில் விளைச்சல் அதிகம் கூடவில்லை. அம்மோனிய உப்பும் சேர்த்த பாத்தியில் நன்றாகக் கூடியது. குருவுக்கும் சீடருக்குமான வாதம் பல ஆண்டுகள் கசப்பாக நீண்டது. உப்புகளை மண்ணே பிடித்துவைக்கும் என்று பின்னர் தெரியவந்தபோது, உரத்தைக் கரையாமல் செய்தது தன் பிழை என லீபிக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தழைச்சத்து விஷயத்தில் அவர் எளிதில் இறங்கிவரவில்லை. 1873 ஏப்ரல் 18-ல் மியூனிக்கில் காலமானார். பயறுவகைகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்பது 1880-களில்தான் உறுதியானது.

உயிர்க்கரி இடும் விவசாயிக்கு இந்த வாழ்க்கையில் பாடம் இருக்கிறது. கரி ஒரு களஞ்சியம்தான், தானியம் அல்ல. அதில் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து சொற்பம். வெறும் கரியை வயலில் கொட்டினால், மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அது சில காலம் பிடித்துவைத்து, பயிர் வெளிறக்கூடும். எனவே மக்கிய தொழுவுரத்துடன் கலந்தோ, மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்தோ சில வாரங்கள் கழித்து இடுவது நல்லது. யூரியாவை மண் பரிசோதனைப்படி, பிரித்துப் பிரித்து மேலுரமாகக் கொடுக்க வேண்டும். கரி பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது; புளிப்பு நிலத்துக்கு அது உதவும், களர் நிலத்தில் இடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

முதலில் ஒரு பாத்தியில் கரியும் உரமும், பக்கத்துப் பாத்தியில் உரம் மட்டும் இட்டு, அறுவடையில் எடைபோட்டுப் பாருங்கள். லீபிக்கின் கணிப்பைத் திருத்தியதும் அப்படி அடுத்தடுத்து இருந்த பாத்திகள்தான்.