சாமி படமும் குடும்பப் படமும்
ஓவியர் கொண்டைய ராஜுவின் வாழ்க்கை

உங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு பக்கம் சாமி படம் இருக்கும். மயில்மேல் முருகன் அமர்ந்திருப்பார். தாமரையில் லட்சுமி நின்றிருப்பாள். அதற்குப் பக்கத்திலேயே தாத்தா, பாட்டி படம் தொங்கும். தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பாட்டி அருகே நின்றிருப்பாள்.

இந்த இரண்டு படங்களுக்கும் ஓர் உறவு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் கொண்டைய ராஜு.

கடவுளர்க்குப் படம் எழுதியவர் அவர். குடும்பங்களைப் படம் பிடிக்கும் ஸ்டூடியோவும் நடத்தியவர். ஆனால் அவருக்கென்று மனைவி இல்லை. பிள்ளை இல்லை.

படம் எழுதும் குலம்

கொண்டைய ராஜு 1898-ம் ஆண்டு பிறந்தார். அவர் ராஜு வகுப்பைச் சேர்ந்தவர். அரசர்களை அண்டி, ஓவியம் எழுதி வாழ்ந்த குலம் அது.

அவர் பிறந்த காலத்தில் அரண்மனைகளின் பெருமை குறைந்துவிட்டது. அரசரை நம்பி ஓவியர் பிழைக்கும் காலம் மலையேறிவிட்டது.

 ஆகவே அவர் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரியை 1850-ம் ஆண்டில் தொடங்கியவர் டாக்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்காரர். உடம்பின் அளவு, ஒளி, நிழல், தூரத்தில் உள்ளதைச் சிறிதாகக் காட்டும் முறை ஆகிய மேல்நாட்டுப் பாடங்கள் அங்கே கற்பிக்கப்பட்டன.

இந்த மேல்நாட்டு முறையில் நம் நாட்டுத் தெய்வங்களை எழுதிப் புகழ் பெற்றவர் ரவி வர்மா. அவர் 1894-ம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் வைத்தார். அரண்மனையில் இருந்த ஓவியம், அச்சு எந்திரத்தின் வழியே ஏழை வீட்டுக்கும் வந்தது. ரவி வர்மா 1906-ல் இறந்தபோது கொண்டைய ராஜு சிறுவன். பின்னாளில் ரவி வர்மா விட்டுச் சென்ற பாதையில்தான் அவரும் நடக்க நேர்ந்தது.

ஆனால் அந்தப் பாதை நேராக வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது!

ஆசிரமத்திலிருந்து நாடக மேடைக்கு

கொண்டைய ராஜுவின் மனம் துறவை நாடியது. திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார்.

ஆனால் அவர் அங்கேயே இருந்துவிடவில்லை. அவர் தூரிகையை விட நினைத்தாலும் தூரிகை அவரை விடவில்லை. மறுபடியும் ஓவியத்துக்கே திரும்பினார்.

அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கம்பெனிகள் இருந்தன. அப்படி ஒரு கம்பெனியில் சீன் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார்.

சீன் என்றால் மேடையின் பின்னால் தொங்கும் பெரிய படுதா. ஒரு படுதாவில் அரச சபை இருக்கும். ஒன்றில் காடு இருக்கும். இன்னொன்றில் பூந்தோட்டம் இருக்கும். கயிற்றை இழுத்தால் சபை மேலே போகும். தோட்டம் கீழே வரும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனும் அதைப் பார்த்து மயங்க வேண்டும்.

ஓவியருக்கு அது நல்ல பள்ளிக்கூடம். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே நொடியில் புரியும்படி எழுத வேண்டும் அல்லவா!

கம்பெனி கலைந்தது

1931-ல் தமிழில் பேசும் படம் வந்தது. ஜனங்கள் கொட்டகைகளை நோக்கி ஓடினார்கள். நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன.

கொண்டைய ராஜு இருந்த கம்பெனியும் தப்பவில்லை. 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் அது கலைந்தது.

மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். கொண்டைய ராஜுவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலை போய்விட்டது. ஊரோ புதிய ஊர். கரிசல் மண், பருத்தி விளையும் வானம் பார்த்த பூமி, பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் உள்ள ஊர். அங்கே ஓவியம் வாங்க ராஜா இல்லை, ஜமீன்தார் இல்லை.

ஆனாலும் அவர் அங்கேயே தங்கினார். நாடகக் கம்பெனியில் அவருடன் வேலை பார்த்த சீடர் டி. எஸ். சுப்பையாவும் உடன் இருந்தார். கிடைத்த வேலையைச் செய்தார்கள். பிறகு ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்தார்கள்.

அதன் பெயர் தேவி ஆர்ட் ஸ்டூடியோ.

போட்டோ எடுக்கும் நாள்

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது என்றால் சின்னக் காரியமா? வீட்டில் அது ஒரு திருநாள்!

காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். பெட்டிக்குள் இருந்த பட்டுப் புடவை வெளியே வரும். நகை இல்லாதவர்கள் இரவல் வாங்குவார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் பொட்டு வைப்பார்கள்.

சின்ன ஊர் ஸ்டூடியோக்களுக்குப் பகல் வெளிச்சம்தான் துணை. அதற்காகவே கூரையில் கண்ணாடி பதிப்பார்கள். படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார். அவர் மூடியைத் திறந்து மூடும்வரை யாரும் அசையக் கூடாது. அசைந்தால் முகம் கலங்கிவிடும். பழைய படங்களில் யாரும் சிரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு செய்தி கேளுங்கள். பழைய பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது! சிவப்புப் புடவை படத்தில் கறுப்பாக விழும். குங்குமமும் கறுப்பாகவே விழும். இளநீலம் வெள்ளையாகிவிடும். ஆகவே எதை உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று சொல்வதும் போட்டோக்காரர் வேலையாக இருந்தது.

பின்னால் என்ன இருக்கும்? படுதா! அதில் தோட்டம் இருக்கும், ஏரி இருக்கும், மாளிகைப் படிக்கட்டு இருக்கும். கரிசல் காட்டுக் குடியானவன் அந்தத் தோட்டத்தின் முன்னால் வந்து நிற்பான். அந்த ஒரு நிமிஷம் அவனும் ஒரு ராஜாதான்.

கல்யாண வீடுகளில் வெளியிலேயே படம் எடுப்பார்கள். வாசலில் நிழல் பார்த்து ஜமக்காளம் விரிப்பார்கள். பெரியவர்களுக்குப் பெஞ்சு போடுவார்கள். குழந்தைகளைத் தரையில் உட்கார வைப்பார்கள். சுவர் நன்றாக இல்லாவிட்டால் திரை கட்டுவார்கள்.

காலம் கடந்து வந்தவர்கள்

படம் எழுதத் தெரிந்த போட்டோக்காரர்களிடம் வேறு சிலரும் வருவார்கள். அவர்கள் பட்டுப் புடவையில் வரமாட்டார்கள். அழுத கண்ணோடு வருவார்கள்.

தகப்பனார் போய்விட்டார்; ஒரு படம்கூட இல்லை என்பார்கள். சிலர் கல்யாணக் கும்பல் படத்தைக் கொண்டுவந்து, பின்வரிசையில் கடுகு போலத் தெரியும் முகத்தைக் காட்டுவார்கள். சிலர் இறந்த பிறகு எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். மூடிய கண்ணை ஓவியர் திறந்து எழுத வேண்டும்.

அப்படி எழுதிய படங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இன்றும் மாலையோடு தொங்குகின்றன. ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தக் கண் அவர் எழுதிய கண்தான். தகப்பனார் பார்த்த பார்வை அல்ல.

சிவகாசி அழைத்தது

கோவில்பட்டிக்கு வடக்கே சாத்தூரைத் தாண்டினால் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பிறகு பட்டாசு வந்தது. பெட்டிக்கு ஒட்டும் படம் வேண்டும் அல்லவா? அதனால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. பின்னர் சிவகாசி அச்சகங்கள் காலண்டர் அச்சிடத் தொடங்கின.

காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். அதைத் தந்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் கொண்டைய ராஜு.

முருகன், மீனாட்சி, லட்சுமி, சரஸ்வதி என்று எழுதிக்கொண்டே போனார். பல படங்களில் தம் பெயரோடு சீடர் சுப்பையாவின் பெயரையும் சேர்த்துப் போட்டார். சீடனின் உழைப்பை மறைக்காத குரு!

கடைக்காரர்கள் அந்தக் காலண்டர்களை வாடிக்கைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். வருஷம் முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்குப் போகும். சாமி படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும். அதற்குச் சூடம் காட்டிக் கும்பிடுவார்கள்.

அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். சாமி நேராக நம்மைப் பார்க்கும். அடக்கமான புன்சிரிப்பு இருக்கும். பின்னால் மலையும் ஏரியும் பூஞ்செடியும் இருக்கும். ஸ்டூடியோவில் தாத்தாவும் பாட்டியும் நின்ற அதே நிலை! நாடகப் படுதாவில் இருந்த அதே தோட்டம்!

சாமி படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் உள்ள உறவு இப்போது புரிகிறது அல்லவா?

சீடர்களே பிள்ளைகள்

கொண்டைய ராஜு கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எளிமையாகவே வாழ்ந்தார். சீடர்களே அவருக்குக் குடும்பம். சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் ஆகியோர் அவரிடம் கற்றுத் தாங்களும் பெயர் பெற்றார்கள். அவர்கள் எழுதிய படங்களும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போயின.

1976-ம் ஆண்டு கொண்டைய ராஜு காலமானார்.

ராஜா இல்லாத ஊரில் தங்கிய ஓவியர் அவர். அதனால்தான் அவர் ஓவியம் அரண்மனையில் அடைபடாமல் குடிசைக்குள்ளும் போனது.

இப்போது படுதா வேண்டாம்

இன்று காலம் மாறிவிட்டது. படுதாவில் தோட்டம் எழுத வேண்டியதில்லை. குடும்பத்தோடு போட்டோக்காரரை அழைத்துக்கொண்டு உண்மையான தோட்டத்துக்கே போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்துக்குப் போகிறார்கள். பிளவக்கல் அணைப் பக்கம் போகிறார்கள். சிலர் தங்கள் கரிசல் காட்டு வேப்பமரத்தடியிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் அழகுதான்!

ஆனால் புறப்படும் முன் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

நம் பக்கத்து வெயில் பொல்லாத வெயில். பத்து மணிக்கு மேல் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். எல்லார் கண்ணும் சுருங்கும். பொழுது விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடுங்கள். அல்லது பொழுது சாயும் நேரத்தில் எடுங்கள். மர நிழலில் நின்றால் எல்லாரும் நிழலில் நில்லுங்கள். பாதி முகம் வெயிலிலும் பாதி முகம் நிழலிலும் வேண்டாம்.

இப்போது சிவப்பு சிவப்பாகவே விழும். பயம் இல்லை. ஆனால் ஆளுக்கொரு பளீர் நிறம் உடுத்தினால் பார்ப்பவர் கண் துணிக்குத்தான் போகும், முகத்துக்குப் போகாது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிறங்களாக எடுத்துவையுங்கள். புதுச் சட்டை குழந்தையின் கழுத்தை அறுக்கும். முன்பே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து, தூங்க வைத்து அழைத்துப் போங்கள். அங்கே போய் அதட்டாதீர்கள். அழுத முகம் அழுத முகமாகத்தான் விழும்.

பாட்டிக்கு ஒரு நாற்காலி, ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோங்கள். அவர்கள் இருக்கும் படங்களை முதலில் எடுத்துவிடுங்கள். யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே எழுதிப் போட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டால், வெயிலில் காத்து நிற்க வேண்டாம்.

பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிறவர்கள், எல்லாருக்கும் ஓய்வு கிடைக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் மருந்து வெள்ளி போல ஒட்டியிருந்தால் கழுவிக்கொள்ளுங்கள். கழுவியும் போகாவிட்டால் கையை மறைக்காதீர்கள். குடும்பத்தைக் காப்பாற்றும் கை அது. படத்தில் இருக்கட்டும்.

எடுத்த படத்தைச் செல்போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் கெட்டால் படமும் போகும். ஒரு படமாவது அச்சுப்போட்டுச் சட்டம் போடுங்கள். பின்பக்கத்தில் எல்லார் பெயரும் ஆண்டும் ஊரும் எழுதிவையுங்கள்.

இன்னும் ஒன்று. தீபாவளி வரட்டும், கல்யாணம் வரட்டும் என்று நாளைத் தள்ளாதீர்கள். மூடிய கண்ணைத் திறந்து எழுத ஓர் ஓவியரைத் தேடி அலையும் நிலை உங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.

பாட்டி திண்ணையில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே நாற்காலியை வேப்பமரத்தடியில் போடுங்கள்.