சரீரத்தை மறவாத ஞான ஆசிரியர்
அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார்

தபசுகாலத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருசந்தி பிடிக்கும் பெரியவர் பகல் பதினொரு மணிக்கெல்லாம் சிடுசிடுக்கத் தொடங்குவார். பிள்ளைகள் அவர் பக்கம் போகப் பயப்படும். காபி தாமதமானதற்காக மருமகள் பேச்சு வாங்குவாள். வயிறு ஒருசந்தி பிடிக்கிறது. நாக்கோ விருந்து சாப்பிடுகிறது! இந்தக் காட்சியை நானூறு வருஷத்துக்கு முன்னமே கண்டு, அதைப் பற்றிச் சிரித்த முகத்தோடு எழுதிய ஒரு மேற்றிராணியாரின் சரித்திரத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

சவோய் நாட்டில் தொரான் என்னும் ஊருக்கு அருகேயுள்ள சலேஸ் கோட்டையில், 1567-ம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி பிரான்சிஸ்கு பிறந்தார். பிரபு குடும்பம். மூத்த மகன் வழக்கறிஞராகிப் பெரிய பதவியில் அமர வேண்டும் என்பது தகப்பனார் ஆசை. ஆகவே பையனைப் பாரீஸ் பட்டணத்தில் சேசுசபைக் குருக்களின் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கேதான் அந்தப் பெருஞ்சோதனை வந்தது. 1586-ம் வருஷக் கடைசி. அவருக்குப் பத்தொன்பது வயது. யார் மோட்சம் சேருவார், யார் நரகம் போவார் என்பது முன்னமே தீர்மானிக்கப்பட்டதா என்று அக்காலத்தில் பண்டிதர்கள் தர்க்கித்துக் கொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட இளைஞன் மனதில், நான் கெட்டுப்போகக் குறிக்கப்பட்டவன் என்னும் எண்ணம் முள்ளாய்த் தைத்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை; தூக்கம் இல்லை; உடம்பு வற்றிப் படுத்த படுக்கையானார். ஆறு வாரம் இப்படியே போயிற்று. பிழைப்பாரோ மாட்டாரோ என்று பக்கத்திலிருந்தவர்கள் அஞ்சினார்கள். கடைசியாய் ஒருநாள் அர்ச். முடியப்பர் கோவிலுக்குள் போய், கருமை நிறமான தேவமாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டார். மறுமையில் எனக்கு என்ன வந்தாலும் சரி, இந்த உயிர் இருக்குமட்டும் சர்வேசுரனை நேசிப்பேன் என்று தம்மை ஒப்புக்கொடுத்தார். அர்ச். பெர்நர்து பேரால் வழங்கும் ஜெபத்தை அங்கே சொன்னார் என்பார்கள். எழுந்தபோது பாரம் இறங்கியிருந்தது. உடம்பும் தேறத் தொடங்கிற்று.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆத்துமத்தின் நோய் உடம்பைத் தின்றது. ஆத்துமம் குணமானதும் உடம்பும் குணமாயிற்று. பிற்காலத்தில் அவர் எழுதியதையெல்லாம் விளங்கிக்கொள்ள இதை மனதில் வைத்திருக்க வேண்டும். மனச்சோர்விலும் பயத்திலும் தவித்தவர்களுக்கு எழுதும்போது, அவர் கரையில் நின்று எழுதவில்லை.

அடுத்தபடி இத்தாலியாவிலுள்ள பாதுவா சர்வகலாசாலையில் சட்டம் படித்தார். அங்கே படிப்பும் தபசும் சேர்ந்து மறுபடியும் உடம்பைக் கெடுத்தன. கடும் ஜுரம் கண்டு வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், சவ அடக்கம் எப்படி நடக்க வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். அந்தப் பட்டணத்து வைத்திய மாணவர்கள் அறுத்துப் படிக்கப் பிரேதம் கிடைக்காமல் கல்லறைகளைத் தோண்டுவதும், அதனால் அடிதடி நடப்பதும் அவருக்குத் தெரியும். என் உடலை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். ஆனால் பிழைத்துக்கொண்டார். 1591-ல் சட்டத்தில் பண்டிதர் பட்டமும் பெற்றார்.

தகப்பனார் பார்த்த பெண்ணையும் பதவியையும் விலக்கி, 1593 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். மறு வருஷமே ஷாப்லே நாட்டுக்குப் போனார். அங்குள்ள மக்கள் இரண்டு மூன்று தலைமுறையாய்க் கல்வீன் போதனையில் வளர்ந்தவர்கள். பிரசங்கத்துக்கு யாரும் வரவில்லை. இரவில் அலேஞ்ச் கோட்டைக்கு நடந்தே திரும்ப வேண்டும். பனிக்காலத்தில் ஓநாய்களுக்குப் பயந்து மரத்தின்மேல் இராத்தங்கினார் என்றுகூடச் சொல்வார்கள். கேட்க ஆளில்லை என்றால் என்ன, வாசிக்க ஆள் இருக்கும் அல்லவா? வேத சத்தியங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழே செருகிவைக்க ஏற்பாடு செய்தார். நாலு வருஷத்தில் அந்நாட்டு ஜனங்களில் திரளானவர்கள் திருச்சபைக்குத் திரும்பினார்கள். இதனால்தான் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1923-ல் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

1602-ல் ஜெனீவா மேற்றிராணியாரானார். ஜெனீவாவுக்குள் கத்தோலிக்க மேற்றிராணியாருக்கு இடமில்லாததால் அன்னெசி நகரில் தங்கினார். பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், மலைக் கிராமங்களில் விசாரணை, இவ்வளவுக்கும் நடுவே கடிதங்கள்! இன்று கிடைத்திருப்பவையே இரண்டாயிரத்துக்குக் குறையாது. அவர் உறவினரின் மனைவியாகிய ஷார்முவாசி அம்மாளுக்கு எழுதிக்கொடுத்த ஆலோசனைகளை ஒரு சேசுசபைக் குருவானவர் பார்த்துவிட்டு, இதை அச்சிடாமல் வைத்திருக்கலாகாது என்று வற்புறுத்தினார். அப்படி 1609-ல் வெளிவந்ததுதான் பக்தி வாழ்வுக்கு வழிகாட்டும் அவருடைய பேர்பெற்ற புத்தகம்.

அப்புத்தகத்தில் நீங்கள் எதிர்பாராத சங்கதிகள் இருக்கின்றன. ஜெபம், தியானம், தேவதிரவிய அனுமானங்கள் எல்லாம் உண்டு. அதோடு நித்திரை, ஆகாரம், உடை, உலாவப் போவது, விளையாட்டு, நண்பர்களோடு பேச்சு, புருஷன் பெண்சாதி அன்பு இவைகளும் உண்டு. அவரவர் தேகத்துக்கு வேண்டிய அளவு இரவில் தூங்கு. நேரத்தோடு படுத்து நேரத்தோடு எழுந்திரு என்பது அவர் புத்தி. காலையில் மனம் தெளிவாயிருப்பதால் ஜெபத்துக்கு அதுவே நல்ல வேளையாம். ஒருசந்தியை அவர் தள்ளவில்லை. திருச்சபை கட்டளையிட்டதற்கு மேலும் கொஞ்சம் பிடிப்பது நல்லது என்றே சொல்கிறார். ஆனால் அளவுமீறி உடலை வாட்டுகிறவன், பிற்பாடு அதைத் தாலாட்ட வேண்டி வரும் என்று எச்சரிக்கிறார். கொழுத்த மானும் ஓடாது, மெலிந்த மானும் ஓடாது என்பது அவர் காட்டும் உவமை. கருவுற்றிருந்த ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில், அந்த நிலையில் ஒருசந்தி வேண்டாம் என்றும், உடம்பு சோர்ந்திருக்கையில் ஜெபத்தில் உற்சாகம் குறைந்தால் கலங்கக் கூடாது என்றும் தேற்றுகிறார். நம் தாய்மாரில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

எழுதியதை நடத்தியும் காட்டினார். ஷாந்தால் அம்மாள் என்னும் விதவை, முன்னிருந்த ஞான ஆலோசகர் சுமத்திய வார்த்தைப்பாடுகளாலும் தபசுகளாலும் நொந்துபோயிருந்தாள். 1604-ல் திஷோன் நகரில் அவர் பிரசங்கத்தைக் கேட்டு அவரைத் தேடி வந்தாள். அந்தச் சுமைகளை அவர் ஒவ்வொன்றாய் இறக்கி வைத்தார். 1610-ல் இருவருமாகச் சேர்ந்து, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த பரம இரகசியத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையை ஏற்படுத்தினார்கள். கடின ஒழுங்குள்ள மடங்கள் ஏற்றுக்கொள்ளாத நோயாளிகள், வயதானவர்கள், விதவைகள் இவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பலவீனமான உடம்பு சர்வேசுரனுக்கு உதவாது என்று எண்ணியிருந்த எத்தனையோ பெண்களுக்கு அது கதவைத் திறந்தது. அவர் சாகும்போது பதின்மூன்று மடங்கள் இருந்தன.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தம் புத்திமதியைத் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. மற்றவர்களை ஓய்வெடுக்கச் சொன்னவர் தாம் ஓய்வெடுத்ததில்லை. 1622-ல் உடல் தளர்ந்திருந்தும், சவோய் பிரபுவோடு அவிஞ்ஞோன் பட்டணம்வரை பயணம் போனார். திரும்பும் வழியில் லியோனில், தம் கன்னியர் மடத்துத் தோட்டக்காரனுடைய சிறு வீட்டில் தங்கினார். நல்ல வீடுகள் பல அவருக்காகத் திறந்திருந்தன. அவர் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். கிறிஸ்துமஸ் பூசைகளும் பிரசங்கமும் முடிந்து, டிசம்பர் 27-ந் தேதி மூளையில் இரத்தம் தாக்கி விழுந்தார். அக்கால வைத்திய முறைப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தலையில் சுட்டார்கள். கண்ணீர் வழிந்தது, முறைப்பாடு ஒன்றும் வரவில்லை. மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகிய 28-ந் தேதி இரவு உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து.

பாதுவாவில் மாணவர்களுக்குக் கொடுத்த உடலை, வாசனைத் திரவியமிட வேண்டி வைத்தியர்கள் இப்போது அறுத்தார்கள். பித்தப்பை நிறையக் கற்கள் இருந்தன. பிறவியிலேயே முன்கோபியான அவர், கோபத்தையெல்லாம் உள்ளே அடக்கியதால் பித்தம் கல்லாயிற்று என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். இக்கால வைத்தியர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவரோடு பழகினவர்கள் அவரை எப்படி அறிந்திருந்தார்கள் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிகிறது. அவருடைய இருதயத்தை லியோன் கன்னியர்கள் வைத்துக்கொண்டார்கள். சரீரம் பனி மூடிய மலைப்பாதையில் அன்னெசிக்கு வந்து, 1623 சனவரி 24-ல் அடக்கமாயிற்று. அவர் திருநாளை நாம் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான்.