சோர்ந்த போதகர்களை மறவாத சார்லஸ் ஸ்பர்ஜன்

19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தம் பிரசங்கத்தால் ஈர்த்தவர் சார்லஸ் ஹேடன் ஸ்பர்ஜன். மேடையில் சிங்கம்போல் முழங்கிய இந்தப் போதகர், வாழ்நாளின் பெரும்பகுதியில் மனச்சோர்வோடு போராடினார் என்பது பலருக்குத் தெரியாது.

1834 ஜூன் 19ஆம் தேதி இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் பிறந்தார். தந்தையும் தாத்தாவும் போதகர்கள். பதின்ம வயதிலேயே கேம்பிரிட்ஜ் அருகே ஒரு கிராமச் சபையில் ஊழியத்தைத் தொடங்கியவர், 19 வயதில் லண்டன் சபைக்கு அழைக்கப்பட்டார். கூட்டம் பெருகியதால் ஆலயத்தில் இடம் போதவில்லை. ஆகவே சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கத்தை வாடகைக்கு எடுத்தனர்.

1856 அக்டோபர் 19. அரங்கம் நிரம்பி வழிந்தது. நடுவில் யாரோ தீப்பிடித்துவிட்டதாகக் கூச்சலிட்டனர். தீ எதுவும் இல்லை. ஆனால் அலறியடித்து ஓடிய நெரிசலில் எழுவர் மாண்டனர். 28 பேர் படுகாயமடைந்தனர். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. மனைவி சுசன்னா இரட்டைக் குழந்தைகளைப் பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைகள் சில அவர்மீதே பழியைப் போட்டன. நிலைகுலைந்துபோன அவர் சில நாட்களுக்குப் பிரசங்க மேடைப் பக்கமே போகவில்லை. பிறகு திரும்பி வந்தார் என்றாலும், அந்த நாளின் வேதனை கடைசிவரை அவரை விடவில்லை. கீல்வாதமும் சிறுநீரக நோயும் பின்னாளில் சேர்ந்துகொண்டன.

இந்தத் துன்பத்தை அவர் மூடி மறைக்கவில்லை. வசதியற்ற இளைஞர்கள் போதகராவதற்கு அவர் தொடங்கிய கல்லூரியில், போதகர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றித் தனியாக ஒரு விரிவுரையே ஆற்றினார். உடல்நோய், ஓயாத வேலை, தனிமை, பெரிய வெற்றிக்குப் பின் வரும் வெறுமை எனக் காரணங்களை விளக்கினார். ஓய்வெடுப்பது வீண் அல்ல என்றும் அறிவுறுத்தினார். சர்ரே கார்டன்ஸ் துயரத்தையும் அதில் குறிப்பிட்டார். போதகர் தளரவே கூடாது என்று எதிர்பார்த்த காலத்தில் இப்படிப் பேச அசாத்தியத் துணிவு வேண்டும்.

அவருடைய சபையும் அவரைத் தனியே விட்டுவிடவில்லை. 1868இல் தம்பி ஜேம்ஸை இணைப் போதகராக்கிச் சுமையைக் குறைத்தது. 25 ஆண்டு ஊழியத்தை முன்னிட்டு 1879இல் 6,000 பவுனுக்கும் மேல் திரட்டிக் கொடுத்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை அவர் ஏழை மூதாட்டியர் இல்லத்துக்கே கொடுத்துவிட்டார்.

அந்த விரிவுரைகள் 1875இல் நூலாக வந்தன. வெளியே அதிகம் நடமாட முடியாத நோயாளியாக இருந்த சுசன்னா, அச்சுப்படியைப் படித்ததும் இது நாட்டிலுள்ள எல்லாப் போதகர்களின் கையிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படியானால் நீ எவ்வளவு கொடுப்பாய் என்று கணவர் கேட்டார். மாடியில் ஓர் இழுப்பறையில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஐந்து ஷில்லிங் நாணயங்களை சுசன்னா எண்ணிப் பார்த்தார். சரியாக 100 பிரதிகளுக்குப் போதுமானதாக இருந்தது!

ஸ்பர்ஜன் தம் மாத இதழில் இதைப் பற்றி எழுத, வாசகர்களின் நன்கொடை வரத் தொடங்கியது. அக்காலக் கிராமப் போதகர் பலருக்கு வருமானம் குடும்பத்துக்கே போதாது; புத்தகம் வாங்க ஏது வழி? ஆண்டுக் கணக்கில் ஒரு புதிய நூலையும் தொடாதவர்களின் வீட்டுக்குப் பொட்டலம் வந்து சேர்ந்தது. நன்றிக் கடிதங்கள் குவிந்தன. படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களிலும் சுசன்னா கணக்குப் புத்தகத்தை விடவில்லை.

1892 ஜனவரி 31ஆம் தேதி பிரான்சின் மென்டோன் நகரில் ஸ்பர்ஜன் காலமானார். வயது 57. அதன் பிறகும் சுசன்னா 1903இல் தாம் மறையும்வரை நூல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். சுமார் 25,000 போதகர்களுக்கு ஏறக்குறைய 200,000 நூல்கள் போய்ச் சேர்ந்திருந்தன.