கட்டுண்ட தவறணைகள்: சாமுவேல் விற்பிறெட் சரிதம்

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரை நாடோறும் பாடஞ் சொல்லும் யான், பியர் காய்ச்சி விற்ற ஓர் ஆங்கிலேயரின் சரிதத்தை எழுதப் புகுவது அன்பர்க்கு வியப்பாகலாம். குடியைப் புகழ யான் வரவில்லை. தவறணைக்காரர் ஒருவர் எவருடைய பியரை விற்பது, தனித்து நிற்கும் சிறு ஆலையாருடையதையா, பெருங் கம்பனியின் உடைமையாகிவிட்டதையா என்னும் வினா இங்கிலாந்தில் இன்றும் தீர்ந்தபாடில்லை. அதன் வேரைத் தேடிச் செல்வோர் சாமுவேல் விற்பிறெட்டின் ஆலை வாயிலிலும் போய் நிற்பர்.

அவர் 1720இல் காடிங்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்து, இலண்டனில் ஓர் ஆலையாரிடம் தொழில் பயின்று, 1742இல் ஷூவெல் சகோதரரோடு கூட்டு வணிகந் தொடங்கினார். 1750இல் ஆலை சிஸ்வெல் வீதிக்குப் பெயர்ந்தது. 1765இல் கூட்டாளியின் பங்கையும் தாமே வாங்கிக்கொண்டார்.

அக்காலத்து இலண்டன் உழைப்பாளர் விரும்பியது போட்டர் என்னும் கரும்பியர். அதன் இயல்பே விற்பிறெட்டை உயர்த்தியது எனலாம். அது பல மாதம் கிடந்து முதிர்ந்தாலன்றிச் சுவைக்காது. ஆகவே பெருங் கொள்கலங்களும், அத்தனை மாதமும் முதலை முடக்கிவைக்கும் வல்லமையும் உடையாரே அத்தொழிலில் நிலைக்க முடிந்தது. எந்திர வல்லுநர் சிமீற்றனைக் கொண்டு நிலத்தடியிற் பெருந் தொட்டிகள் கட்டுவித்தார். குதிரைகள் சுற்றிய செக்கின் இடத்தில் 1785இல் ஜேம்ஸ் வாற்றின் நீராவி எந்திரம் வந்தது. 1787இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே அரசியாருடன் ஆலையைக் காண வந்தார். 1796இல், ஒரே ஆண்டில் 200,000 பீப்பாய்க்கு மேற் காய்ச்சிய முதல் இலண்டன் ஆலை என்னும் பெயர் கிட்டியது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். பாராளுமன்றத்தில் இருந்தபோது அடிமை வாணிகத்தை எதிர்த்தவர் என்பதையும் மறத்தலாகாது.

இனிச் சரிதத்தின் மறுபக்கம். இத்துணைப் பீப்பாய்களையும் விற்பதற்கு வாயில்கள் வேண்டுமே! இலண்டன் பெருவணிகர் தவறணைக்காரருக்குக் கடன் கொடுத்தனர். கட்டடங்களின் குத்தகைகளையும் வாங்கினர். விற்பிறெட்டின் ஆலையும் அவ்வாறே கடன் கொடுத்தது. கடன் பெற்றவர் கொடுத்தவரின் பியரையே விற்க வேண்டியவரானார். கட்டுண்ட தவறணை என்னும் முறை இங்ஙனம் வேரூன்றிற்று. கடன் கொடுத்தவரைக் கொடியவர் என்று யான் கூறேன். முதலில்லா ஏழைக்கு அது கைகொடுத்ததும் உண்மையே. ஆயினும் பீப்பாயைச் சுவைத்துத் தேரும் உரிமை அன்றே அவன் கையை விட்டகன்றது.

அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததே என் நெஞ்சை உறுத்துகிறது. 1950களில், பிறர் விழுங்கிவிடுவரோ என அஞ்சிய சிறு ஆலைகள் பல விற்பிறெட் கம்பனிக்குத் தம் பங்குகளிற் சிலவற்றைக் கொடுத்து அடைக்கலம் புகுந்தன. இவ்வேற்பாட்டை ஆங்கிலேயர் விற்பிறெட் குடை என்றனர். மழைக்கு ஒதுங்கியவருட் பலர் குடைக்குரியவனுக்கே உடைமையாயினர்! சேக்கிசுப்பியர் பிறந்த ஸ்றற்போட்டிலே, அவர் நினைவாக நாடக அரங்கெழுப்ப முன்னின்ற பிளவர் குடும்பத்தின் பெயர் தாங்கிய ஆலையும் 1962இல் விற்பிறெட் வசமாகிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இலக்கிய மாணாக்கர் அரங்கை அறிவர்; அதற்குப் பொருளீந்த பியர்ச்சாலையை அறிந்தவர் எத்துணைப் பேர்?

பெரிய ஆலையாரின் கட்டுண்ட தவறணைகள் பிறர் காய்ச்சிய பீப்பாய் எயில் ஒன்றையேனும் விருப்பப்படி வாங்கி விற்கலாம் என 1989இல் அரசாங்கம் விதித்தது. 2003இல் அவ்விதி நீக்கப்பட்டது.

சிஸ்வெல் வீதியிற் பியர் காய்ச்சுதல் 1976இல் நின்றுபோயிற்று. நூற்றிரண்டு ஆண்டு உழைத்த அந்த நீராவி எந்திரம் முன்னரே சிட்னி நூதனசாலைக்குக் கப்பலேறிவிட்டது. 2000இல் விற்பிறெட்டின் பியர்த் தொழில் முழுவதையும் பெல்ஜிய நாட்டு இன்ரர்புரூ கம்பனி வாங்கியது. அவர் பெயர் தாங்கிய கம்பனி இன்று ஹோட்டல்களை நடத்துகின்றது, பியர் காய்ச்சுவதில்லை.