காமராஜர் வீட்டுக் கணக்கு: பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்று பாருங்கள். பிள்ளை ஒரு பொம்மையைக் காட்டும். அப்பா செல்போனை எடுத்து ஸ்கேன் செய்வார். சத்தம் வரும், பொம்மை கைக்கு வந்துவிடும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை.

அதே தி.நகரில் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வீடு இருக்கிறது. காமராஜர் வாடகைக்குக் குடியிருந்த வீடு அது. இப்போது நினைவு இல்லம். அவருக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் பிள்ளைகளையும் பணத்தையும் பற்றி யோசிக்க அவர் வாழ்க்கையில் நிறைய இருக்கிறது.

வட்டியில் ஓடிய குடும்பம்

காமராஜர் 1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி வியாபாரி. காமராஜருக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். வீட்டில் அம்மா சிவகாமி அம்மாள், பாட்டி, காமராஜர், தங்கை நாகம்மாள்.

சிவகாமி அம்மாள் காதில் கிடந்ததைத் தவிர மற்ற நகைகளை விற்றார். வந்த பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்தார். மாதாமாதம் வந்த வட்டியில்தான் குடும்பம் நடந்தது. முதலைத் தொட்டால் அடுத்த மாத வரவு குறையும். இன்றைக்கு நாம் முதலீடு, வருமானம் என்று பிரித்துச் சொல்கிற பாடத்தை அந்தப் பையன் அடுப்படியிலேயே பார்த்து வளர்ந்தான்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

அவர் படித்தது விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையில். ஊர் நாடார் சமூகம் நடத்திய பள்ளி. கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று பொதுநிதிக்குக் கொடுத்தார்கள். வீடுகளில் பெண்கள் சோறு வைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியை வாங்கிப்போய்ப் பள்ளிச் செலவுக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு பிடி குறைவதால் எந்த வீடும் பட்டினி கிடக்காது, ஆனால் ஊரே சேர்ந்தால் ஒரு பள்ளி ஓடும்.

இருந்தும் காமராஜரால் படிப்பைத் தொடர முடியவில்லை. ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சிவகாமி அம்மாள் அளவுக்குச் சிக்கனமாக இருப்பது கஷ்டம். அப்படியிருந்தும் அந்தச் சிக்கனத்தால் மகனைப் பள்ளியில் வைத்திருக்க முடியவில்லை. வரவே இல்லாத வீட்டில் எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்?

முதலமைச்சர் ஆன பிறகு

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பாவின் தொழில் என்று ராஜாஜி 1953-ல் கொண்டுவந்திருந்த திட்டத்தைக் கைவிட்டார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதில் பணம் எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். ஒரு சாப்பாட்டுக்கு 10 நயா பைசா என்று கணக்குப் போட்டார்கள். 6 பைசா அரசு தரும், 4 பைசா ஊர்க்காரர்கள் தர வேண்டும். பழைய பிடி அரிசி ஞாபகத்துக்கு வருகிறதா? பின்னாளில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே வழிதான். கட்டடம், மேசை, சீருடை என்று மக்கள் கொடுக்கக் கொடுக்கப் பள்ளிகள் மாறின.

வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை ஊரின் பிடி அரிசியோடு அரசுக் கஜானாவும் சேர்ந்தது. ஒரு தாயால் தனியாக முடியாததை எல்லாருமாகச் சேர்ந்து செய்யலாம் என்பதை அவர் தன் வீட்டிலிருந்தே தெரிந்து வைத்திருந்தார்.

அம்மாவுக்கு மாதம் 120 ரூபாய்

சொந்த வீட்டு விஷயத்தில் கை இறுக்கம். முதலமைச்சராக இருந்தபோது அம்மாவுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பினார். சிவகாமி அம்மாள் விருதுநகரிலேயே இருந்தார். சென்னைக்கு வந்து மகனோடு தங்கவில்லை.

இதைப் படிக்கும்போது பெருமையும் வரும், மனசு கொஞ்சம் கனக்கவும் செய்யும். நகையை விற்று வளர்த்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்று தோன்றுவது நியாயம்தான். பதவியில் இருப்பவர் வீட்டில் ஒரு சலுகை நுழைந்தால் அதோடு நிற்காது என்பதும் நியாயம்தான். எல்லா வீட்டுக்கும் இதையே விதியாக வைக்க முடியாது.

1975 அக்டோபர் 2-ல் அதே தி.நகர் வீட்டில் அவர் இறந்தார். ஒன்பது வருஷத்துக்கும் மேல் முதலமைச்சர், பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சொந்தமாக ஒரு வீடு கிடையாது.

நம் வீட்டுக்கு என்ன?

மாதச் சம்பளம், இ.எம்.ஐ., வாடகை என்று ஓடும் வீட்டிலும் இதில் எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, வீட்டில் வரவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பிள்ளை பார்க்கட்டும். பயமுறுத்தாமல் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். இரண்டு, உண்டியலில் சேர்ப்பதில் அடுத்தவருக்கென்று ஒரு பிடி தனியாக இருக்கட்டும். மூன்று, அலுவலகப் பணம் வேறு, நம் பணம் வேறு என்பதை நாம் நடந்து காட்டினால் போதும், தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம்.

அடுத்த தடவை தி.நகருக்கு ஷாப்பிங் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வீட்டுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.