தாய் வீட்டுக் கதையைக் காத்த கார்சிலாசோ

தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடர் உண்டு. அங்கே இன்கா மக்கள் பேரரசு அமைத்து வாழ்ந்தனர். சூரியனை வணங்கினர், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். 1532-ல் பிசாரோ என்னும் ஸ்பானியர் 168 பேரோடு வந்து மன்னர் அதவால்பாவைப் பிடித்தார். மறு ஆண்டு கொன்றும் போட்டார்.

அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1539-ல், இன்கா தலைநகரான குஸ்கோவில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாயார் சிம்பு ஒக்யோ, இன்கா அரச குலத்துப் பெண். பிள்ளைக்கு வைத்தது ஸ்பானியப் பெயர். தாய்ப்பாலோடு ஊறியதோ கெச்சுவா மொழி. தாய்வழி உறவினர் வாரா வாரம் வீட்டுக்கு வருவார்கள். பழைய மன்னர்களைப் பற்றிப் பேசிப் பேசி, கடைசியில் அழுதுவிட்டுப் போவார்கள். நம்மிடம்தான் எழுத்து இல்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பையன் ஒருநாள் பெரியவரிடம் கேட்டான். அவரும் உட்கார வைத்து, ஆதியிலிருந்து கதை சொன்னார்.

எழுத்து இல்லாவிட்டாலும் கணக்கு இருந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். கிப்பு என்று பெயர். ஒன்று, பத்து, நூறு என்று முடிச்சுகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. பையன் அதையும் படிக்கக் கற்றான். தந்தைக்குக் குடியானவர்கள் கட்டிய வரியைச் சரிபார்த்தது அவன்தான்.

தந்தையோ தாயாரை விட்டுவிட்டு, ஸ்பானியப் பெண்ணை முறைப்படி மணந்துகொண்டார். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

தந்தை இறந்தபின், 1560-ல் மகன் படிப்புக்காக ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். போகுமுன் ஓர் அதிகாரியின் வீட்டில், பதப்படுத்திய இன்கா மன்னர்களின் உடல்களைப் பார்த்தார். ஒருவருடைய விரலைத் தொட்டார். கட்டை மாதிரி இருந்தது. தொட்டது தம் முன்னோர் கை அல்லவா?

ஸ்பெயினில் தந்தையின் சேவைக்காக மானியம் கேட்டார். உன் தந்தை கலகக்காரனுக்குக் குதிரை கொடுத்தவர் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். 1571-ல் தாயார் காலமானார். மகன் கடைசிவரை ஊர் திரும்பவேயில்லை.

ஆனால் தந்தையின் பெயரோடு இன்கா என்பதையும் சேர்த்து, இன்கா கார்சிலாசோ தெ லா வேகா என்று கையெழுத்திட்டார். சின்ன வயதில் கேட்ட கதைகளையும், ஊர் வழக்கங்களையும், பயிர் பச்சைகளையும் எழுதினார். கெச்சுவாச் சொற்களை ஸ்பானியர் தப்பாக உச்சரித்தால் பொருளே மாறிவிடும் என்றும் விளக்கினார். அந்த நூல் 1609-ல் லிஸ்பனில் அச்சானது.

பாசத்தில் சிலவற்றைக் கூட்டியும் சொல்லிவிட்டார். இன்காக்கள் நரபலி கொடுத்ததேயில்லை என்பது அவர் வாதம். 1999-ல் அர்ஜென்டினாவின் எல்லையில் ஒரு மலையுச்சியில், பலியிடப்பட்ட மூன்று பிள்ளைகளின் உடல்கள் கிடைத்தன. அதையும் நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

1616-ல் கோர்தொபா நகரில் இறந்தார். 1780-ல் பெருவில் பெருங்கலகம் மூண்டது. தாய்நாட்டுக் கதை மக்களைக் கிளப்பிவிடுமென்று அஞ்சிய ஸ்பானிய அரசு, 1782-ல் அந்நூலைத் தடை செய்து பறிமுதல் செய்ய ஆணையிட்டது.

1978-ல் ஸ்பெயின் மன்னர் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியைப் பெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அது குஸ்கோவில் இருக்கிறது.